அடைபட்ட நாடியைத் தேடும் இரண்டாவது வாசிப்பு

அத்தியாயம் 7

திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்தில் இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை எழுபது கிலோமீற்றருக்கு மேல். கொழும்பு முந்நூறைத் தாண்டும். மூளையின் பெரிய நாடி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் இறக்கின்றன என்று அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அம்பாறைக் கரையோரத்தில் பாரிசவாத நோயாளர் ஒருவரின் சீ.ரி. ஸ்கேனை வாசிக்கிறவருக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பது விளங்கும்.

பெரும்பாலான இரவுகளில் நடப்பது இதுதான். ஸ்கேன் எடுக்கப்படுகிறது. ‘பிளீடிங் இல்லை’ என்று தொலைபேசியில் தகவல் வருகிறது. எல்லோருக்கும் ஆறுதல். நோயாளர் வாட்டுக்குப் போகிறார். ஆனால் குருதிக்கசிவு இல்லை என்பது படத்தின் பாதி வாசிப்பு மட்டுமே. கசிவு இல்லையென்றால் கை ஏன் விழுந்தது? எந்த நாடி அடைபட்டது? அந்த அடைப்பு பல வேளைகளில் அதே படத்திலேயே தெரியும். தேடினால்தான் தெரியும்.

ஆதார வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வாட்டிலும் வேலை செய்யும் வைத்தியர்கள், தாதியர், ரேடியோகிராபர்கள் ஆகியோருக்காக இந்த அத்தியாயம். கதிரியக்க நிபுணரின் முழு அறிக்கைக்கு இது ஈடாகாது. அந்த அறிக்கை வரும்வரை உள்ள நேரத்தை வீணாக்காமல் இருக்க இது உதவும்.

படத்துக்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் குருதிச் சீனியைக் குத்திப் பாருங்கள். சீனி இறங்கினாலும் ஒரு பக்கம் விழும், பேச்சுக் குழறும். அந்த நோயாளருக்குத் தேவை குளுக்கோசு, ஸ்கேன் பிறகு.

அடுத்தது நேரம். ‘எப்போது தொடங்கியது?’ என்று கேட்டால், கண்டுபிடித்த நேரத்தைத்தான் வீட்டார் சொல்வார்கள். நமக்கு வேண்டியது நோயாளர் கடைசியாக நல்லாயிருந்ததை யாராவது நேரில் கண்ட நேரம். கடிகாரம் பார்க்காத வீட்டிலும் அதைக் கண்டறிய வழி உண்டு. ‘சுபஹு பாங்கு சொல்லும்போது வாப்பா எழும்பி உளூச் செய்தாரா?’, ‘கோயில் மணி அடிக்கும்போது அம்மா கதைச்சாவா?’, ‘முதல் பஸ் போகேக்க முழிப்பா?’ என்று ஊர் வழக்கத்தில் கேளுங்கள். நித்திரையில் இருந்து எழும்பும்போதே கை விழுந்திருந்தால், கணக்கு முதல்நாள் இரவு படுக்கப்போன நேரத்தில் இருந்து தொடங்கும்.

கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற மருந்து எடுக்கிறாரா, சிறுநீரக நோய் இருக்கிறதா என்பவை அதில் இருக்கும். வீட்டில் மறந்து வந்திருந்தால் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம்.

பெரிய நாடி அடைப்பைப் படுக்கை அருகிலேயே சந்தேகிக்க முடியும். கை பலவீனத்தோடு கீழே உள்ளவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

- இரண்டு கண்களும் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்பது
- பேச வராமை, அல்லது சொல்வது விளங்காமை
- ஒரு பக்கப் பார்வை இல்லாமை
- தன் உடலின் ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடுவது

கையோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் மூளையின் மேற்பட்டையும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சிறு நாடி அடைப்பில் இது அரிது. கண் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ, பெரும்பாலும் அடைப்பு அந்தப் பக்க மூளையில். வலது கை விழுந்து, கண் இடது பக்கம் பார்த்தால், தேட வேண்டியது இடது நாடியை. இதைப் படம் எடுக்க முன்னரே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து வாசிக்கிற கண்ணுக்கு அகப்படுவது, தெரியாமல் வாசிக்கிற கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஸ்கேன் மேசையில்

ரேடியோகிராபரிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்.

முதலாவது, தலை நேராக இருக்கட்டும். தலை சரிந்தால் வலது நாடி ஒரு வெட்டிலும் இடது நாடி வேறொரு வெட்டிலும் விழும். இரண்டையும் ஒப்பிட முடியாது.

இரண்டாவது, மெல்லிய வெட்டுகள். வழமையாக அச்சிடப்படும் 5 மில்லிமீற்றர் வெட்டில், மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள நாடி பக்கத்துத் திரவத்தோடு கலந்து மங்கிவிடும். அதே தரவில் இருந்து ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வெட்டுகளை மீள உருவாக்கித் தரச் சொல்லுங்கள். இதற்கு நோயாளருக்கு மேலதிகக் கதிர் தேவையில்லை, மேலதிகச் செலவும் இல்லை. கேட்டால் போதும்.

மூன்றாவது, 18 அல்லது 20 அளவுள்ள கனியூலா ஒன்று முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில். பிறகு நாடிகளைக் காட்டும் சீ.ரி. அஞ்சியோ தேவைப்பட்டால் நோயாளரை மேசையில் இருந்து இறக்காமலே தொடரலாம்.

முதல் வாசிப்பு: கசிவு

இது எல்லோருக்கும் பழகியது, சுருக்கமாகச் சொல்லலாம். புதிய குருதிக்கசிவு வெள்ளையாகத் தெரியும். மூளைத் திசுவுக்குள், மூளை அறைகளுக்குள், மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி, மூளையின் அடியில் உள்ள திரவ வெளிகளில் என்று நான்கு இடத்திலும் பாருங்கள். கட்டி, சீழ், பழைய பாரிசவாதத் தழும்பு உண்டா என்றும் பாருங்கள். கசிவு இருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கல்ல. இல்லையென்றால் படத்தை மூடாமல் முதல் வெட்டுக்குத் திரும்புங்கள்.

இரண்டாம் வாசிப்பு: நாடி

சீ.ரி. படம் என்பது அடர்த்தியின் வரைபடம். அதன் அளவுகோல், இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஆங்கிலப் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்குகிறது. 1971 ஒக்டோபரில் இலண்டனின் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளரின் தலையை அவரது இயந்திரம் படம் எடுத்தது. 1979இல் அலன் கோர்மக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000. மூளையின் வெண்பகுதி 25 முதல் 30, சாம்பல் பகுதி 35 முதல் 40 வரை. நாடியில் ஓடும் குருதி 40 அளவில் நிற்கும். உறைந்த குருதியில் செங்கலங்கள் நெருங்கி அடைவதால் அது 50 முதல் 80 வரை ஏறும். சுண்ணாம்பு படிந்தால் 100ஐத் தாண்டும்.

நாம் தேடுவது 40க்கும் 80க்கும் இடையிலான இந்தச் சிறு வேறுபாட்டைத்தான். அடைபட்ட நடு மூளை நாடி வெள்ளைக் கோடாகத் தெரிவதை 1983இல் காக்ஸும் அவரது குழுவினரும் விவரித்தனர். வாட்டில் இதை ‘டென்ஸ் எம்.சி.ஏ.’ என்கிறோம். தேடும் ஒழுங்கு இது:

1. விண்டோ அகலத்தை 40க்கும் நடுவை 40க்கும் மாற்றுங்கள். வழமையான அகலமான விண்டோவில் 40உம் 55உம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்.

2. மூளையின் அடியில் நட்சத்திர வடிவில் கருமையான திரவ வெளி தெரியும் வெட்டுக்குப் போங்கள். அந்த நட்சத்திரத்தின் இரு கைகளிலும் பக்கவாட்டில் ஓடுவது நடு மூளை நாடியின் முதற்பகுதி, எம்.1. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

3. அங்கிருந்து ஒவ்வொரு வெட்டாக மேலே போங்கள். பக்கப் பிளவுக்குள் ஒரு பக்கம் மட்டும் வெண்புள்ளி நிற்கிறதா? அது எம்.2 கிளையில் நிற்கும் உறைவு, நமக்குக் குறுக்காக வெட்டுப்பட்டுத் தெரிகிறது.

4. கீழே இறங்கி, உட்கழுத்து நாடி மண்டைக்குள் பிரியும் முனையைப் பாருங்கள்.

5. மூளைத்தண்டின் முன்னால், நடுக்கோட்டில், ஒரு புள்ளியாக நிற்கும் பேசிலர் நாடியைப் பாருங்கள். இதை மறக்கிறவர்கள் அதிகம்.

6. சந்தேகமான இடத்தில் அளவிடும் வட்டத்தை நாடிக்குள்ளேயே சிறியதாக வையுங்கள். மறுபக்கத்தில் அதே இடத்தில் இன்னொன்று. சந்தேகப் பக்கம் 43ஐத் தாண்டி, மறுபக்கத்தை விட 1.2 மடங்குக்கு மேல் இருந்தால் அடைப்பு என்பதற்கு வலுவான சான்று.

7. கண்குழி வெட்டில் கண்களையும் பாருங்கள். இரு கண்ணின் வில்லைகளும் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் அதுவும் பக்கத்தைச் சொல்லும். படுக்கை அருகே கண்ணைப் பார்க்க மறந்தவருக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

ஓர் எச்சரிக்கை. படத்தில் நோயாளரின் இடது பக்கம் நமது வலது பக்கமாகத் தெரியும். அவசரத்தில் இது தவறுவதுண்டு. அறிக்கையில் ‘படத்தின் வலது’ என்று எழுதாமல் ‘நோயாளரின் இடது’ என்று எழுதுங்கள்.

ஏமாற்றும் படங்கள்

வெண்மையாகத் தெரிவதெல்லாம் உறைவு அல்ல. நீர் வற்றியவரிலும், குருதியில் செங்கலங்கள் கூடியவரிலும் எல்லா நாடிகளும் நாளங்களும் சேர்ந்தே வெளுத்திருக்கும். இரு பக்கமும் 50 என்றால் விகிதம் 1தான். அது அடைப்பு அல்ல. முதியவர்களிலும் சலரோகம் உள்ளவர்களிலும் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். அது ஓரமாக, மிகப் பிரகாசமாக, 100க்கு மேல் நிற்கும். சுற்றியுள்ள மூளை வீங்கிக் கறுத்திருந்தால் நடுவில் உள்ள நல்ல நாடியும் வெள்ளையாகத் தோன்றும். இதனால்தான் கண்ணை மட்டும் நம்பாமல் எண்ணை அளக்கச் சொல்கிறோம்.

மறுபுறம், வெண்மை தெரியாததால் அடைப்பு இல்லை என்றும் ஆகாது. பெரிய நாடி உண்மையாகவே அடைபட்டவர்களில்கூட, தடித்த வெட்டுகளில் இந்தக் குறி ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான் தெரிகிறது. செங்கலம் குறைந்த, நாரும் தட்டுகளும் மிகுந்த உறைவு சுற்றியுள்ள குருதியின் நிறத்திலேயே இருக்கும். ஆகவே விதி இது: குறி இருந்தால் நம்பலாம், இல்லாவிட்டால், படுக்கை அருகே கண்ட அடையாளம் சொல்வதை நம்பி அஞ்சியோ கேளுங்கள்.

திசு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது

நாடியைக் கண்டபின் அடுத்த கேள்வி, அந்த நாடி ஊட்டிய மூளையில் எவ்வளவு ஏற்கெனவே இறந்துவிட்டது என்பது. இதற்குக் கனடாவின் கல்கரியில் உருவாகி 2000இல் வெளியான அஸ்பெக்ட்ஸ் புள்ளிமுறை போதும். நடு மூளை நாடியின் எல்லையைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, பத்தில் இருந்து தொடங்கி, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புள்ளி கழிக்க வேண்டும்.

ஆழ்கருக்கள் தெரியும் வெட்டில் ஏழு பகுதிகள்: வால்கரு, வில்லைக்கரு, உட்கப்சூல், இன்சுலா, மேற்பட்டையில் முன்பக்கம் எம்.1, பக்கவாட்டில் எம்.2, பின்பக்கம் எம்.3. அதற்கு மேலுள்ள வெட்டில் மூன்று: எம்.4, எம்.5, எம்.6. இங்கே எம்.1, எம்.2 என்பவை மேற்பட்டைப் பகுதிகளின் பெயர்கள். நாடியின் எம்.1, எம்.2 பகுதிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாதிப்பு என்றால் எது? சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலுள்ள கோடு அழிவது. முதலில் மங்குவது பெரும்பாலும் இன்சுலாவின் ஓர நாடாவும் வில்லைக்கருவின் விளிம்பும்தான். இந்த இரண்டையும் எப்போதும் முதலில் பாருங்கள். தெளிவாகக் கறுத்து, தழும்புபோல் ஓரம் கூர்மையாக இருந்தால் அது பழைய பாரிசவாதம். அதற்குப் புள்ளி கழிக்க வேண்டாம்.

8 முதல் 10 வரை என்றால் காப்பாற்ற நிறைய இருக்கிறது. 6, 7 இடைநிலை. 5உம் அதற்குக் கீழும் என்றால் பெரும்பகுதி போய்விட்டது. முன்பு இந்தக் கடைசிப் பிரிவினரைக் கைவிடுவது வழக்கம். 2022, 2023இல் ஜப்பானிலும் சீனாவிலும் அமெரிக்கா முதலிய நாடுகளிலும் நடந்த ஆய்வுகள், 3 முதல் 5 புள்ளி உள்ளவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கும் உறைவை எடுக்கும் சிகிச்சை பயன் தருவதைக் காட்டின. ஆகவே குறைந்த புள்ளியைக் கண்டு நீங்களே கதவை மூட வேண்டாம். புள்ளியைச் சொல்லுங்கள், தீர்மானத்தை நிபுணர் எடுக்கட்டும்.

சீ.ரி. அஞ்சியோ

நாளத்தில் அயடீன் கலந்த கொன்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, நெஞ்சில் உள்ள பெருநாடி வளைவில் இருந்து உச்சந்தலை வரை எடுக்கும் படம் இது. பொதுவாக 50 முதல் 80 மில்லிலீற்றர் வரை, செக்கனுக்கு 4 முதல் 5 மில்லிலீற்றர் வேகத்தில், பின்னால் உப்பு நீர். பெருநாடியில் மருந்து வந்து சேர்வதை இயந்திரமே கவனித்துப் படத்தைத் தொடங்கும்.

பலர் தயங்குவது சிறுநீரகத்துக்காக. நெல் விளையும் ஊர்களில் சிறுநீரக நோயின் பயம் நியாயமானது. ஆனால் முன்னர் சிறுநீரக நோய் இல்லாதவரில், பெரிய நாடி அடைப்பைச் சந்தேகித்தால், கிரியற்றினின் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் அஞ்சியோ எடுப்பது நியாயம் என்று அமெரிக்கப் பாரிசவாதச் சங்கத்தின் 2019 வழிகாட்டல் சொல்கிறது. கிளினிக் கொப்பியில் சிறுநீரக நோய் எழுதப்பட்டிருந்தால் நிபுணரோடு பேசி, இழப்பையும் பயனையும் எடைபோட்டு முடிவெடுங்கள். முன்பு கொன்ட்ராஸ்ட் மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா என்பதை மட்டும் எவரிடமும் கேட்காமல் விட வேண்டாம்.

வாசிக்கும்போது வெட்டுகளைத் தடித்த அடுக்குகளாகச் சேர்த்துப் பாருங்கள். 10 முதல் 20 மில்லிமீற்றர் தடிப்பில் நாடி மரம்போல் முழுதாகத் தெரியும், முறிந்த கிளை உடனே புலப்படும். கழுத்தில் தொடங்கி மேலே போங்கள்: கழுத்து நாடி பிரியும் இடம், மண்டைக்குள் நுழையும் வளைவு, முனை, எம்.1, எம்.2 கிளைகள், முன் மூளை நாடி. பிறகு முள்ளெலும்பு நாடிகள், பேசிலர், பின் மூளை நாடிகள். கழுத்தில் நாடி மெல்லிய சுவாலைபோல் மங்கி முடிந்தால் அவசரப்பட்டு ‘கழுத்தில் அடைப்பு’ என்று எழுத வேண்டாம். மேலே முனையில் உறைவு நின்றால் கீழே குருதி தேங்கி, மருந்து ஏறாமல் இப்படி ஏமாற்றும். சற்றுத் தாமதித்து எடுத்த இரண்டாவது படம் உண்மையைச் சொல்லும்.

அடைப்புக்கு அப்பால் உள்ள கிளைகள் நிரம்பியிருக்கின்றனவா என்பது இன்னொரு முக்கியமான கேள்வி. கல்லோயாப் பெருவாய்க்கால் ஒன்று அடைபட்டாலும் பக்க வாய்க்கால்களால் தண்ணீர் சுற்றி வந்து வயல் உடனே கருகாமல் இருப்பதுண்டு. மூளையிலும் அப்படிப் பக்கக் கிளைகள் உள்ளவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கத்தோடு ஒப்பிட்டு, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் ‘நல்ல பக்கச் சுற்று’ என்று எழுதுங்கள். தூரம் போக வேண்டிய நம் நோயாளருக்கு இந்த ஒரு வரி தலையெழுத்தை மாற்றலாம். காரணம் பின்னால் வருகிறது.

மயங்கி வந்தவரை மறக்க வேண்டாம்

பேசிலர் நாடி அடைப்பு பல வேளைகளில் கை விழுந்த நோயாளராக வராது. தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, குழறல், வாந்தி, பிறகு மயக்கம் என்று வரும். மது, வலிப்பு, நஞ்சு என்று பலவும் நினைக்கப்பட்டு நேரம் போய்விடும். காரணம் தெரியாமல் மயங்கி வந்த ஒவ்வொருவரிலும் மூளைத்தண்டின் முன்னால் உள்ள அந்த ஒரு புள்ளியைப் பாருங்கள். மூளையின் அடிப்பகுதியில் எலும்பின் கோடுகள் படத்தைக் குழப்பும் என்பதால் இங்கே அஞ்சியோ இல்லாமல் தீர்மானிப்பது கடினம். 2022இல் சீனாவில் இருந்து வெளியான இரண்டு ஆய்வுகள், பேசிலர் அடைப்பிலும் உறைவை எடுப்பது உயிரையும் செயலையும் காப்பதை நிறுவின.

கண்டபின் என்ன

அடைப்பைக் கண்டால் மூன்று வழிகள் திறக்கின்றன.

ஒன்று, உறைவைக் கரைக்கும் மருந்து. கடைசியாக நல்லாயிருந்த நேரத்தில் இருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அல்டெப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், 90க்கு மேல் இல்லை. பத்தில் ஒரு பங்கு உடனே, மிச்சம் ஒரு மணித்தியாலத்தில். குருதியமுக்கம் 185/110க்குக் கீழே வர வேண்டும். கசிவு இல்லை என்று உறுதியானதும், தகுதியுள்ளவருக்கு இதைத் தொடங்க அஞ்சியோவுக்காகத் தாமதிக்கக் கூடாது.

இரண்டு, உறைவை இழுத்து எடுப்பது. பெரிய உறைவு மருந்துக்கு இலகுவில் கரையாது. 8 மில்லிமீற்றரை விட நீண்ட உறைவு மருந்தால் மட்டும் கரைவது மிக அரிது என்று 2011இல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வு காட்டியது. தொடையில் குழாய் செலுத்தி உறைவை எடுக்கும் த்ரொம்பெக்டமி, 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகளால் நிலைபெற்றது. அவற்றில் இருந்த 1,287 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைந்தது. 2018இல் வெளியான டோன், டிஃபியூஸ் 3 என்ற ஆய்வுகள், படத்தில் காப்பாற்றக்கூடிய திசு மிஞ்சியிருப்பவருக்கு இந்தப் பயனை 24 மணித்தியாலம் வரையும் 16 மணித்தியாலம் வரையும் நீட்டின.

நமக்கு முக்கியமானது இதுதான். இந்தக் கரையில் இருந்து, வழமையான எல்லையான ஆறு மணித்தியாலத்துக்குள் அந்த வசதி உள்ள இடத்துக்குப் போவது பெரும்பாலும் நடவாது. ஆனால் அஸ்பெக்ட்ஸ் 8ஆகவும் பக்கச் சுற்று நல்லதாகவும் உள்ள நோயாளருக்கு நீண்ட பயணத்துக்குப் பிறகும் வாய்ப்பு இருக்கிறது. யாருக்கு அந்த வாய்ப்பு என்பதைச் சொல்வது படம் மட்டுமே. தூரத்தில் உள்ள வைத்தியசாலைக்குத்தான் இரண்டாவது வாசிப்பு இன்னும் அதிகமாகத் தேவை.

மூன்று, வீக்கத்துக்கு ஆயத்தம். உறைவை எடுக்க முடியாமல் போனாலும் அடைப்பைக் கண்டது வீணாகாது. பெரிய நாடி அடைபட்டு, புள்ளியும் குறைந்தவரின் மூளை அடுத்த இரண்டு மூன்று நாளில் ஆபத்தாக வீங்கலாம். 60 வயது வரையானவர்களில் 48 மணித்தியாலத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றினால், பிழைப்போர் 29 வீதத்தில் இருந்து 78 வீதமாக உயர்ந்தனர் என்று 2007இல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளின் கூட்டுத் தரவு காட்டியது. கண்மணி விரிந்தபின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடுவதை விட, முதல் நாளே சொல்லிவைப்பது மேல்.

படத்தை அனுப்பும் முறை

இரவில் நிபுணரின் கைக்குப் போவது பெரும்பாலும் தொலைபேசியில் பிடித்த படம்தான். அதையும் ஒழுங்காகச் செய்யலாம். நோயாளரின் பெயரையும் இலக்கத்தையும் மறையுங்கள். அறை விளக்கை அணையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். தொலைபேசியைத் திரைக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு வெட்டைப் படம் பிடிப்பதை விட, மெல்லிய வெட்டுகளை 40/40 விண்டோவில் கீழிருந்து மேலே மெதுவாக உருட்டிக் காணொளியாக எடுப்பது நல்லது. நீங்கள் அளந்த வட்டமும் எண்ணும் தெரியும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அழைத்துப் பேசுங்கள்.

இப்போது இந்த வேலையில் மென்பொருளும் நுழைந்திருக்கிறது. அஞ்சியோவில் பெரிய நாடி அடைப்பைக் கண்டு நிபுணரின் தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் விஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்கு அமெரிக்க ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2018 பெப்ரவரியில் அனுமதி அளித்தது. இத்தகைய மென்பொருள்களும் எம்.2 கிளை அடைப்புகளைத் தவறவிடுவதுண்டு. தலை சரிந்து எடுத்த படமும் தடித்த வெட்டும் அவற்றையும் குழப்பும். மென்பொருள் வந்தாலும் வராவிட்டாலும் மேலே சொன்ன ஒழுங்கு மாறாது.

பயிற்சி

ஒரு கற்பனை நோயாளர். வினாயகபுரத்தைச் சேர்ந்த 63 வயது மீனவர். தோணியடியில் விழுந்து கிடந்தவரை 4.40க்குக் கண்டார்கள். 1990 சுவசெரிய அம்பியுலன்சில் கொண்டுவந்தார்கள். மனைவி சொல்கிறார்: ‘நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டு, கதைச்சுக்கொண்டுதான் போனவர், டொக்டர்.’ வலது கையும் காலும் விழுந்திருக்கின்றன. பேச்சு இல்லை. கண்கள் இடது பக்கம். சீனி 138. குருதியமுக்கம் 178/100. எடை 60 கிலோ. ஸ்கேன் நேரம் 6.50. 5 மில்லிமீற்றர் வெட்டில் கசிவு இல்லை, வேறு எதுவும் தெளிவில்லை. மெல்லிய வெட்டில் இடது நாடி 58, வலது 41. இன்சுலாவும் வில்லைக்கருவும் மங்கியிருக்கின்றன.

விடை: கணக்கு 4.00இல் இருந்து தொடங்கும், 4.40இல் இருந்து அல்ல. மருந்துக்கான எல்லை 8.30. ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குக் குறைவாகவே இருக்கிறது. விகிதம் 1.4, இடது எம்.1 அடைப்பு. அஸ்பெக்ட்ஸ் 8. தடைகள் வேறு இல்லையென்றால் அல்டெப்ளேஸ் 54 மில்லிகிராம்: 5.4 உடனே, 48.6 ஒரு மணித்தியாலத்தில். மருந்தைத் தொடங்கிவிட்டு அஞ்சியோவும் இடமாற்றத்துக்கான அழைப்பும்.

இரண்டாவது நோயாளர். வயலில் இருந்து களைத்து வந்த 50 வயதுக்காரர். தலைச்சுற்று, கை கால் பலம் சரி. வலது நாடி 52, இடது 50, நாளங்களும் வெள்ளை. விடை: விகிதம் 1.04. இது நீர் வற்றிய குருதி. ஆயினும் தலைச்சுற்று என்பதால் பேசிலரை அளக்காமல் படத்தை மூட வேண்டாம்.

அழைப்பில் சொல்ல வேண்டிய வரிசை

இதைப் பிரதியெடுத்து ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

1. வயது, கடைசியாக நல்லாயிருந்த நேரம்
2. கை, கண், பேச்சு: எந்தப் பக்கம்
3. சீனி, குருதியமுக்கம், எடை
4. உறைவெதிர் மருந்து, சிறுநீரக நோய், ஒவ்வாமை
5. கசிவு: உண்டு அல்லது இல்லை
6. நாடி: எது, எந்தப் பக்கம், இரு பக்க எண்கள்
7. அஸ்பெக்ட்ஸ் புள்ளி
8. அஞ்சியோ எடுத்திருந்தால் அடைப்பின் இடம், பக்கச் சுற்று
9. கொடுத்த மருந்தும் நேரமும்
10. உங்கள் கேள்வி: ‘இவரை அனுப்பலாமா, எங்கே?’

ஆறாவது வரி வெறுமையாக இருந்தால் தொலைபேசியை எடுக்க முன் படத்துக்குத் திரும்புங்கள்.